'கரண்ட்' வைப்பது என்றால் என்ன? – கதிர்வீச்சு சிகிச்சையும் அதன் கருவிகளும்

கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை, விளாத்திகுளம் வட்டாரத்தில் ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், ஆபரேஷனுக்கு அடுத்தபடியாகக் காதில் விழும் சொல் 'கரண்ட்'. "அத்தாவுக்கு 33 கரண்ட் வைக்கணும்னு சொல்லிட்டாங்க" என்பார்கள். சிலர் 'லைட் வைப்பது' என்பார்கள். மருத்துவமனைச் சீட்டில் இருப்பது ரேடியோதெரபி, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை. சொல் மாறியதில் குற்றமில்லை. ஆனால் அந்தச் சொல்லோடு சில பயங்களும் சேர்ந்து வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. உடம்பில் மின்சாரம் பாய்ச்சுவார்களாம், உள்ளே கருகிவிடுமாம், வைத்துக்கொண்டு வந்தவர் மடியில் பேரப்பிள்ளையை உட்கார வைக்கக் கூடாதாம்.

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் இந்தக் கேள்விகளோடு நிற்பவர்களை நாம் பார்க்கிறோம். நெஞ்சைப் பிசைவது என்னவென்றால், பத்துப் பதினைந்து நாள் சிகிச்சைக்குப் போய்விட்டு, "தொண்டை புண்ணாகிவிட்டது, போதும்" என்று பாதியில் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. ஏன் 33 நாள், ஏன் தினமும், அந்தக் கருவி என்னதான் செய்கிறது என்று அவர்களுக்கு எவரும் உட்கார வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். மருத்துவர் முன்னால் நூறு பேர் காத்திருக்கும்போது அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மின்சாரம் அல்ல

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வுர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் என்ற பேராசிரியர் எக்ஸ்-கதிர்களைக் கண்டறிந்தார். கை எலும்பு முறிந்தால் எடுக்கும் எக்ஸ்ரே அதுதான். எக்ஸ்-கதிர் என்பது ஒளியின் உறவினம். விளக்கொளியும் அதுவும் ஒரே குடும்பம், சுமந்து வரும் ஆற்றலில்தான் வேறுபாடு. சிகிச்சைக் கருவியிலிருந்து வரும் கதிரின் ஒரு துகள், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு துகளைவிட ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு ஆற்றல் கொண்டது. அந்த வகையில் 'லைட் வைப்பது' என்ற நம்மூர்ப் பேச்சு, 'கரண்ட் வைப்பது' என்பதைவிட உண்மைக்குக் கொஞ்சம் அருகில் இருக்கிறது!

இவ்வளவு ஆற்றல் உள்ள கதிர் உடலுக்குள் போகும்போது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டிவிடுகிறது. நம் உடலில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீர் மூலக்கூறுகள் உடைந்து, சட்டென்று எதோடாவது வினைபுரியத் துடிக்கும் துண்டுகள் உண்டாகின்றன. அவை அருகில் இருக்கும் செல்லின் டி.என்.ஏ. இழையைப் போய்த் தாக்குகின்றன. முறுக்கிய கயிறு போன்ற அந்த இழையின் இரண்டு புரிகளும் ஒரே இடத்தில் அறுந்துவிட்டால் செல்லால் அதைச் சரிசெய்வது கடினம். அறுந்த இழையோடு செல் இரண்டாகப் பிரிய முயலும்போது அது செத்துப் போகிறது. கதிர் பட்ட அன்றே கட்டி மறையாமல், வாரக்கணக்கில், சில சமயம் சிகிச்சை முடிந்த பிறகும்கூட மெல்லச் சுருங்குவது இதனால்தான். "பத்து நாள் ஆச்சு, கட்டி அப்படியேதான் இருக்கு" என்று மனம் தளர வேண்டியதில்லை.

இதில் சூடு வைக்கும் வேலையே இல்லை. கதிர்வீச்சின் அளவை 'கிரே' என்ற அலகில் சொல்வார்கள். ஒரு கிலோ எடையுள்ள சதைக்கு ஒரு ஜூல் ஆற்றல் போய்ச் சேர்ந்தால் அது ஒரு கிரே. ஒரு நாள் சிகிச்சையில் பெரும்பாலும் கொடுப்பது 2 கிரே. கணக்குப் போட்டால், அதனால் அந்த இடத்தின் வெப்பம் ஒரு டிகிரியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் ஏறும். ஒரு வாய்த் தேநீர் இதைவிடப் பல மடங்கு சூட்டைத் தொண்டைக்குக் கொடுத்துவிடும். உள்ளே நடப்பது வேகுவது அல்ல, செல்லின் நூலிழையில் விழும் வெட்டு.

அப்படியானால் தோல் கருகுகிறதே என்று கேட்கலாம். அதற்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்து எக்ஸ்ரே சிகிச்சைக் கருவிகளின் கதிர்களுக்கு ஆழமாகப் போகும் வலு குறைவு. மொத்தத் தாக்குதலில் அதிகபட்சம் தோலிலேயே இறங்கிவிடும். உள்ளே இருக்கும் கட்டிக்குப் போதுமான அளவு போய்ச் சேர்வதற்குள் மேல்தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். நம் பாட்டன் பாட்டி காலத்துப் பயம் அப்போது நியாயமானதுதான். பிறகு வந்த கருவிகளில் கதிரின் வலு கூடக் கூட, அதன் உச்ச அளவு தோலுக்கு உள்ளே தள்ளிப்போனது. கோபால்ட் கருவியில் தோலுக்கு அரை சென்டிமீட்டர் உள்ளே, இன்றைய 6 மெகாவோல்ட் கருவியில் ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே. இன்றும் கதிர் படும் இடத்தில் தோல் கறுப்பதும் உரிவதும் உண்டு. ஆனால் அன்றைய நிலை இல்லை.

ஏன் 33 நாள்?

வாய், தொண்டைப் பகுதிப் புற்றுநோய்க்கு 66 முதல் 70 கிரே வரை தேவைப்படுவது வழக்கம். வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பழக்கம் உள்ள நம் தென்பகுதிக்கு இந்த நோய் புதிதல்ல. கன்னியாகுமரிப் பக்கம் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஓர், வெற்றிலைபாக்கு மெல்லுகிறவர்களின் வாய்ப்புற்று பற்றி லான்செட் மருத்துவ இதழில் 1933லேயே எழுதியிருக்கிறார்.

இந்த 70 கிரேயை ஒரே நாளில் கொடுத்தால் கட்டியோடு சுற்றியுள்ள நல்ல சதையும் செத்துவிடும். ஐப்பசியில் பெய்யும் மழை ஒரே ராத்திரியில் கொட்டினால் கரிசல் காட்டில் வரப்பு உடைந்து விதையும் போய்விடும். அதே மழை விட்டுவிட்டுப் பெய்தால் மண் குடித்துக்கொள்ளும். நல்ல செல்லும் அப்படித்தான். ஒரு நாளைக்கு 2 கிரே என்றால், அடுத்த நாள் வருவதற்குள் தனக்கு ஏற்பட்ட சேதத்தில் பெரும்பகுதியைச் சரிசெய்துகொள்ளும். புற்று செல்லுக்கு அந்தத் திறமை குறைவு. நாளுக்கு நாள் இந்த வித்தியாசம் கூடிக்கொண்டே போவதுதான் சிகிச்சையின் மொத்த சூத்திரமும். வாரத்தில் ஐந்து நாள் என்று வைத்தால் 33 முறைக்கு ஏறத்தாழ ஏழு வாரம் ஆகும்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. மூன்று நான்கு வாரம் ஆனதும், மிச்சமிருக்கும் புற்று செல்கள் முன்பைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. அந்த நேரத்தில் பார்த்துத்தான் வாயில் புண், விழுங்க முடியாமை எல்லாம் உச்சத்துக்கு வரும். நோயாளி வீட்டுக்குப் போய்விட நினைப்பதும் அப்போதுதான். வாய், தொண்டைப் புற்றில் சிகிச்சை ஒவ்வொரு நாள் நீளும்போதும் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதமோ அதற்கு மேலோ குறைகிறது என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. பத்து நாள் விட்டுவிட்டுப் போனால் விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியாது. கல்யாணம், கந்தூரி, ஊர் விசேஷம் எதற்காகவும் நாளைத் தள்ளிப்போட வேண்டாம். பெருநாள் வேலை நாளில் வருகிறது என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். விட்டுப்போகும் நாளை எப்படி ஈடுகட்டுவது என்று அவர்கள் திட்டமிடுவார்கள். சொல்லாமல் நின்றுவிடுவதுதான் கெடுதல்.

கோபால்ட் கருவி

கோபால்ட் என்பது இரும்பைப் போன்ற ஓர் உலோகம். அதை அணு உலைக்குள் வைத்து எடுத்தால் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளாக மாறுகிறது. அது தானாகவே காமா கதிர்களை வீசும். இதை வைத்து நோயாளிக்குச் சிகிச்சை கொடுத்தது முதன்முதலில் கனடாவில், 1951இல். சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954இல் எழுந்த புற்றுநோய் மருத்துவமனைக்கு அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே கோபால்ட் கருவி வந்துவிட்டது.

கருவியின் தலைப்பகுதி கனத்த ஈயமும் பிற கன உலோகங்களும் கொண்ட ஒரு பெட்டகம். அதற்குள் இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு சிறு குப்பியில் கோபால்ட் இருக்கும். சிகிச்சை நேரத்தில் குப்பி திறப்புக்கு நேராக நகரும், முடிந்ததும் உள்ளே போய்விடும். கோபால்ட்டை 'அணைக்க' முடியாது, மறைக்கத்தான் முடியும். மின்வெட்டு ஏற்பட்டாலும் அது கதிரை வீசிக்கொண்டேதான் இருக்கும். அதனால் கரண்ட் போனால் குப்பி தானாகவே பெட்டகத்துக்குள் திரும்பும்படி அமைத்திருக்கிறார்கள்.

கோபால்ட்டின் வீரியம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையும். 5.27 ஆண்டில் பாதியாகிவிடும். ஆகவே அதே அளவு கதிரைக் கொடுக்க வருடம் போகப்போக அதிக நேரம் வைக்க வேண்டும். "மச்சானுக்குப் போன வருசம் ரெண்டு நிமிசம்தான் வச்சாங்க, எனக்கு மூணு நிமிசம், நோய் அதிகமோ" என்று கலங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நேரத்துக்கும் நோயின் கடுமைக்கும் சம்பந்தமில்லை.

இந்தக் கருவியை நம் நாட்டிலேயே செய்கிறார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய 'பாபாட்ரான்' வெளிநாடுகளுக்கும் போயிருக்கிறது. பழசான கோபால்ட்டைக் கண்ட இடத்தில் போட முடியாது, முறைப்படி ஒப்படைக்க வேண்டும். 2010இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குப் பல்கலைக்கழக ஆய்வகக் கருவி ஒன்று கோபால்ட்டோடு விலைபோய்விட்டது. அதைப் பிரித்துப் பார்த்ததில் ஓர் உயிர் போயிற்று. மருத்துவமனைகளில் இவற்றைக் கண்காணிப்பது மும்பையில் உள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்.

லீனியர் ஆக்சிலரேட்டர்

இப்போது கோபால்ட்டின் இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்டது 'லைனாக்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் லீனியர் ஆக்சிலரேட்டர். லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் 1953இல் முதல் சிகிச்சை நடந்தது. அடையாறுக்கு 1976இல் முன்னோடியாக வந்து சேர்ந்தது.

இதற்குள் கதிரியக்கப் பொருள் எதுவும் கிடையாது. ஒரு முனையில் சூடான இழையிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன. இரண்டாம் உலகப்போரில் ரேடாருக்காக வளர்த்தெடுத்த நுண்ணலைத் தொழில்நுட்பத்தைக் கொண்டு அவற்றை ஒரு செம்புக் குழாய்க்குள் தள்ளுகிறார்கள். அலை மேல் ஏறிக் கரைக்கு வரும் கட்டுமரம்போல எலக்ட்ரான்கள் நுண்ணலையின் மேல் ஏறி ஒளியின் வேகத்தை நெருங்குகின்றன. அந்த வேகத்தில் டங்ஸ்டன் உலோகத் தகட்டில் மோதும்போது எக்ஸ்-கதிர் பிறக்கிறது. நம் ஊரில் 'கரண்ட்' என்று பெயர் வந்ததற்கு இது ஒரு நியாயம். மின்சாரம் கருவிக்குத்தான் வேண்டும், நோயாளிக்கு அல்ல. சுவிட்சை அணைத்த கணமே கதிர் நின்றுவிடும். குழல்விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் மிச்சமிருப்பதில்லை அல்லவா, அதுபோல.

கதிர் வெளியே வரும் வாயில் டங்ஸ்டன் தகடுகள் சீப்பின் பற்கள்போல வரிசையாக இருக்கும். கணினி அவை ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் நகர்த்தி, கட்டியின் வடிவத்துக்கே ஒரு சாளரம் அமைக்கும். கருவியின் கை நோயாளியைச் சுற்றி வரும். பல திசைகளிலிருந்து வரும் கதிர்கள் ஒரே புள்ளியில் சந்திப்பதால் கட்டிக்கு முழு அளவும், வழியில் உள்ள சதைக்கு ஒவ்வொரு பங்கும் மட்டும் கிடைக்கும். உமிழ்நீர்ச் சுரப்பி, முதுகுத்தண்டு, இருதயம் போன்றவற்றை ஓரளவு காப்பாற்ற முடிவது இதனால்தான்.

இதற்கும் மேலே புரோட்டான் கருவி இருக்கிறது. புரோட்டான் குறிப்பிட்ட ஆழம் வரை போய் அங்கே நின்றுவிடும். சென்னையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் 2019 முதல் இயங்குகிறது. சிறுபிள்ளைகளின் சில கட்டிகளுக்கு அதன் பலன் பெரிது. ஆனால் நிலத்தை விற்றாவது புரோட்டான் வைக்க வேண்டும் என்று பெரும்பாலான நோயாளிகளுக்கு அவசியமில்லை என்பதே நம் கருத்து. வீட்டுக்குப் பக்கத்தில் லைனாக்கில் 33 நாளையும் ஒழுங்காக முடிப்பது மேல்.

அறைக்குள்ளே

முதல் நாளே கதிர் வைக்க மாட்டார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்து, கதிர் எங்கெங்கே எவ்வளவு என்று கணினியில் வரைபடம் போட நாள்கள் ஆகும். மருத்துவரோடு மருத்துவ இயற்பியலாளர் ஒருவரும் இதில் வேலை செய்வார். இந்தத் தாமதத்தை அலட்சியம் என்று எண்ண வேண்டாம்.

தலை, கழுத்துப் பகுதி என்றால் வெந்நீரில் இளகும் ஒரு வலைத் தகட்டை முகத்தின் மேல் அழுத்தி முகமூடி செய்வார்கள். ஆறியதும் அது கெட்டியாகிவிடும். தினமும் அதைப் போட்டு மேசையோடு பூட்டுவார்கள். தலை சில மில்லிமீட்டர்கூட அசையக் கூடாது. இதற்குப் பெண்கள் முக்காட்டையும் கருகமணியையும் கழற்ற வேண்டியிருக்கும். தாயத்துக் கயிறு, சங்கிலி எதுவும் கதிர் படும் இடத்தில் இருக்கக் கூடாது. பெண் தொழில்நுட்பர் இருந்தால் அவரைக் கேட்டுக்கொள்ளலாம், தயங்கத் தேவையில்லை. இல்லாதபோது, சிகிச்சைக்குத் தேவையான அளவு திறப்பதற்கு நிர்ப்பந்த நிலைச் சட்டம் இடம் தருகிறது. வெட்கத்தால் சிகிச்சையைக் கைவிடும்படி மார்க்கம் எங்கும் சொல்லவில்லை.

மார்பு, வயிற்றுப் பகுதியில் மையால் கோடு போடுவார்கள். லேசர் ஒளியை அந்தக் கோட்டில் நிறுத்தித்தான் தினமும் படுக்க வைப்பார்கள். "இந்த மையோடு குளிப்பு கூடுமா?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. மருதாணியின் சிவப்பைப் போல இது வெறும் நிறம். தண்ணீரைத் தடுக்கும் படலம் இல்லை என்றால் குளிப்பு நிறைவேறிவிடும், தேய்த்து அழிக்கக் கூடாது. மேலே ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தாலோ, தண்ணீர் படக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தாலோ, மற்ற இடங்களைக் கழுவி அங்கே மஸஹு செய்வது, தயம்மும் சேர்ப்பது ஆகியவற்றில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளிடையே விவர வேறுபாடு உண்டு. உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படுக்க வைத்ததும் எல்லோரும் வெளியே போய்க் கனத்த கதவைச் சாத்திவிடுவார்கள். "அவங்களுக்கே பயம்னா எனக்கு?" என்று நோயாளிக்குத் தோன்றும். அவர்கள் தினமும் பல பேருக்குச் சிகிச்சை கொடுக்கிறார்கள், வருடக்கணக்கில். அவர்களுக்குக் கதிரால் பலன் ஏதுமில்லை, சேர்ந்தால் கெடுதல்தான். சட்டமும் அவர்களுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஒன்றரை, இரண்டு மீட்டர் தடித்த கான்கிரீட் சுவருக்கு அப்பால் கேமராவில் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். கை தூக்கினால் நிறுத்திவிடுவார்கள். கதிர் படும்போது வலி இருக்காது.

உள்ளே வைக்கும் கதிர்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு வெளிக்கதிரோடு உள்கதிரும் கொடுப்பார்கள். இரிடியம்-192 என்ற பொருள், அரிசி மணியைவிடச் சிறியது, ஒரு கம்பியின் நுனியில் இருக்கும். முன்பே வைத்த குழாய் வழியாகக் கருவி அதைக் கட்டிக்கு அருகில் அனுப்பி, சில நிமிடத்தில் திரும்ப இழுத்துக்கொள்ளும். கதிருக்கு மூலத்திலிருந்து தூரம் இரட்டித்தால் அளவு கால்பங்காகும் என்பது விதி. அதனால் பக்கத்திலேயே வைக்கும்போது கட்டிக்கு அதிகமும் தள்ளியிருக்கும் உறுப்புக்குக் குறைவும் போகும். குழாயை எடுத்த பின் அந்தத் தாயின் உடலில் கதிர் எதுவும் இல்லை.

தைராய்டு புற்றுக்கு அயோடின்-131 குடிக்கக் கொடுப்பது மட்டும் வேறு வகை. அது உடலுக்குள் சென்று சில நாள் கதிர் வீசும், 8 நாளுக்கு ஒருமுறை பாதியாகும். இவர்கள் மட்டும் மருத்துவமனை சொல்லும் நாள்கள்வரை குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகி இருக்க வேண்டும். கூடங்குளம் பேச்சில் கேட்ட 'கதிரியக்கம்' என்ற பயத்தை எல்லா நோயாளி மேலும் ஏற்றுவது நியாயமல்ல.

ஆகவே லைனாக்கிலோ கோபால்ட்டிலோ சிகிச்சை முடித்து வீட்டுக்கு வரும் நன்னா, பேரனைத் தூக்கி முத்தம் கொடுக்கலாம். ஒரே ஸஹனில் சாப்பிடலாம், ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கலாம். தனித் தட்டு, தனிப் பாய் எதுவும் வேண்டாம். ஓட்டுக்கு அப்பால் கட்டில் போட்டு ஒதுக்கி வைப்பதால் நோயாளிக்குக் கிடைப்பது மனவேதனை மட்டுமே.

புறப்படுமுன்

வாய், தொண்டைக்குக் கதிர் வைக்கப் போகிறவர்கள் தொடங்குமுன் பல் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். சொத்தைப் பல்லை முன்னாலேயே எடுத்துவிட்டு, புண் ஆறவிட வேண்டும். கதிர் பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். பிறகு பல் பிடுங்கினால் காயம் ஆறாமல் எலும்பே கெட்டுப்போகக் கூடும். பிற்காலத்தில் எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் 'கரண்ட் வைத்திருக்கிறேன்' என்று சொல்லிவிடுங்கள். சிகிச்சை நாளில் பீடி, புகையிலை அறவே கூடாது.

ரமலானில் சிகிச்சை வந்தால், கதிர் உடலுக்குள் போவதால் நோன்பு முறியாது. ஆனால் தண்ணீரும் உணவும் குறைந்தால் புண் கூடும், எடை இறங்கும். எடை இறங்கினால் முகமூடியே தொளதொளத்து மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டியதாகும். அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்திருக்க, மருத்துவர் வேண்டாம் என்றால் அதை ஏற்றுக்கொள்வதே சரி.

கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 60 கிலோமீட்டர், அங்கே லைனாக் இருக்கிறது. திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரியிலும், மதுரை பாலரெங்காபுரத்திலும் கதிர்வீச்சுப் பிரிவுகள் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சைக்கு இடமிருக்கிறது. ரயிலில் புற்றுநோயாளிக்குச் சிகிச்சைப் பயணமாக ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் முழுதும் தள்ளுபடி, உடன் செல்பவருக்கு 75 சதவீதம். இதற்கு மருத்துவமனையில் உரிய படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். அப்படியும் ஏழு வாரம் தினமும் போய்வருவதும், தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகும் மகள் அத்தனை நாள் சம்பளத்தை விட்டு உடன் வருவதும் ஏழை வீட்டுக்குத் தாங்காது. ஜமாஅத்துகள் ஜகாத் நிதியிலிருந்து இந்தப் போக்குவரத்துச் செலவுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கலாம். மருந்துக்குக் கேட்டால் கொடுக்கிறவர்கள் பஸ் காசுக்குக் கேட்டால் யோசிக்கிறார்கள். பாதியில் நிற்பவர்களில் பலர் நிற்பது அந்த பஸ் காசில்தான்.